குத்தூசி வந்த வழி

என்னோடு சிலமலையில் பஸ் ஏறிப் போடியில் படித்தவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நம்மில் பாதிப் பேருக்கு முழங்கால் போய்விட்டது, மீதிப் பேருக்குக் காது போய்விட்டது. எனக்கு இரண்டும் நன்றாகத்தான் இருக்கின்றன, கோபம்தான் அடங்க மாட்டேன் என்கிறது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார், மகள் கோபத்தைக் குறைக்கச் சொல்கிறாள். உப்பைக் குறைத்துவிட்டேன்.

போன மாதம் போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய வியாபாரச் சாமான்களைக் கண்காட்சியாக வைத்திருந்தார்கள். மகள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். தராசுகள், படிகள், மூட்டை தூக்கும் கொக்கிகள், ஏலக்காய் சலிக்கும் சல்லடைகள் எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் நீல வெல்வெட் துணியில், தொட்டிலில் பிள்ளையைப் போட்ட மாதிரி, ஒரு குத்தூசியைக் கிடத்தியிருந்தார்கள். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான இரும்பு. கூரான நுனி. நுனியிலிருந்து பாதி நீளத்துக்கு வாய்க்கால் போலக் குழிவு. மரப்பிடி வெடித்திருந்ததால் அதில் செம்புக் கம்பியைச் சுற்றியிருந்தார்கள். அந்தக் கம்பிச் சுற்றை எனக்குத் தெரியும். பக்கத்தில் அட்டையில் அச்சடித்திருந்தார்கள்: "குத்தூசி. குத்து, ஊசி என்ற இரு சொற்கள் சேர்ந்து பிறந்த பழந்தமிழ்ச் சொல். நம் முன்னோர் ஏலக்காய் மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கப் பயன்படுத்திய கருவி."

சொல் பிறந்த கதை சரி. அடுத்த வரி முழுப் பொய்.

ஏலக்காய் மூட்டையில் எவனாவது குத்தூசியை இறக்குவானா? காய் உடைந்து போகும். அந்தக் குழிவில் அரிசி வரும், மிளகு வரும், ஏலக்காய் எங்கே வரும்? நம் ஊரில் ஏலக்காய் பார்க்கிறவர்கள் மூட்டை வாயை அவிழ்த்துக் கையை விட்டு அள்ளுவார்கள். உள்ளங்கையில் உருட்டி, நகத்தால் ஒன்றைக் கீறி, மூக்கருகே வைப்பார்கள். போடியில் பிறந்த பிள்ளைக்கு இது தெரியும். அந்த அட்டையை எழுதியவரும் போடியில் பிறந்தவர்தான். ஏலக்காய்க் கிட்டங்கியில், அதாவது சரக்குக் குடோனில், குத்தூசி இருந்தால் அது ஏலக்காய்க்குத்தான் இருந்திருக்கும் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். விசாரிக்கத் தோன்றவில்லை.

அந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது சிலமலையில், எங்கள் கூரையின் மேல். அப்போதெல்லாம் கூரை மேயும்போது மூங்கிலைச் சீவிக் காது வைத்த நீள ஊசி ஒன்று வரும். மேலே உட்கார்ந்தவர் கயிற்றைக் கோத்துக் குத்துவார். வீட்டுக்குள் நிற்கிறவர் நுனியைப் பிடித்துக் கயிற்றைக் கூரையின் குறுக்குக் கம்பான வரிச்சில் சுற்றி மறுபடி மேலே தள்ளிவிடுவார். அதுதான் குத்தூசி. அப்பா உள்ளே நின்று கயிறு வாங்குவார், மேலிருந்து தூசி அவர் கண்ணில் கொட்டும். பிறகு நெல், அரிசி வியாபாரிகள் மூட்டையைக் குத்தும் இரும்புக்கும் அதே பெயரை வைத்தார்கள். சொல் கூரையிலிருந்து மூட்டைக்கு இறங்கி வந்தது. அதுவரை எனக்கு அதன் மேல் எந்தப் புகாரும் கிடையாது.

அங்கிருந்து அது எங்கே போனது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. உங்களுக்கு நினைவிருக்கும். மேற்கே மலை மேல் மேகம் நாள் முழுக்கக் குந்தியிருக்கும். போடிமெட்டிலிருந்து இறங்கும் ஜீப்புகள் நனைந்துகொண்டு வரும். கீழே நம் காட்டில் மண் வெடித்துக் கிடக்கும். அப்பாவுக்குச் செய்வதற்குச் சோலி இல்லை. அம்மா போடியில் ஒரு முதலாளியின் கிட்டங்கிக்குக் காய் பொறுக்கப் போனாள். எங்கள் தெருவிலிருந்து அங்கே போனவள் அவள் மட்டும்தான்.

இருபது முப்பது பெண்கள் தரையில் சுளகோடு உட்கார்ந்திருப்பார்கள். மலையிலிருந்து வந்த காயைக் கொட்டி, வெடித்தது, கறுத்தது, சுருங்கியது எல்லாவற்றையும் ஒதுக்கி, பச்சைக் காயைத் தரம் பிரிக்க வேண்டும். காம்பு கிள்ளிக் கிள்ளி அம்மாவின் நகக்கண் எரியும். எத்தனை முறை சாம்பல் போட்டுக் கழுவினாலும் அவள் பிசைந்து வைக்கும் சோற்றில் ஏலக்காய் வாசம் வரும். பணக்காரர் வீட்டுப் பாயசத்தில் வரும் வாசம் எங்கள் வீட்டுப் புளிச்சோற்றில் வந்தது. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. இன்றைக்கு ஏலக்காய் போட்ட டீயை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் கிட்டங்கி வாசலில் போய் நிற்பேன். அம்மா வெளியே வந்ததும் இரண்டு பேரும் பஸ் பிடிக்க வேண்டும். வாசலில் காவலுக்குக் கேட்டுக்காரர் இருந்தார். காக்கிக் கால்சட்டை, விடாத இருமல். அவர் கையில்தான் செம்புக் கம்பி சுற்றிய அந்தக் குத்தூசி. முதலாளி முன்னே அரிசிக் கடை வைத்திருந்தவர். ஏலக்காய் வியாபாரத்துக்கு மாறியபோது தராசு, சாக்கு எல்லாவற்றோடும் அதுவும் வண்டியேறி வந்திருக்கிறது. ஏலக்காயில் அதற்கு வேலை இல்லை. சும்மா கிடப்பானேன் என்று யாரோ ஒரு புத்திசாலி அதற்கு வாசலில் வேலை போட்டுக் கொடுத்துவிட்டான்.

பெண்கள் வரிசையில் நிற்க வேண்டும். முந்தானையை உதற வேண்டும். மடியை உதற வேண்டும். தூக்குவாளியைத் திறந்து காட்ட வேண்டும். அடியில் சோறு மிச்சமிருந்தால் அதற்குள் குத்தூசி இறங்கும். பிறகு திரும்பி நின்று தலையைக் குனிய வேண்டும். கொண்டைக்குள் குத்தூசி போய் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வரும். அதைக் கால்சட்டையில் ஒரு தேய். அடுத்தவள் சோறு, அடுத்தவள் தலை. ஒருத்தி தலையில் புகுந்த இரும்பு இன்னொருத்தி கஞ்சியில் புகுந்தது. எனக்காக மிச்சம் வைத்துக் கொண்டுவரும் சோற்றை அம்மா முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டாள். அது ஏன் நின்றது என்று தெரியாமல் நான் அவளிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அந்த வாசலில் யாரிடமும் ஒரு காய் அகப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் கேட்டுக்காரர் சட்டைப் பையில் எப்போதும் காய் இருந்தது. என்னை மருமகளே என்று கூப்பிட்டு ஒன்றிரண்டை என் கையில் வைப்பார். நான் மென்றுகொண்டே நிற்பேன். ஒருநாள் அம்மா பார்த்துவிட்டாள். பஸ் நிற்கும் இடம் வந்ததும் என் தாடையைப் பிடித்தாள்.

"துப்பு," என்றாள்.

நான் விழுங்கிவிட்டேன்.

அந்த வயதில் எனக்கு அந்தக் குத்தூசி மேல் ஆசை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் பூசி மெழுக நான் அந்த அட்டை எழுதியவர் இல்லை. விடுமுறை நாட்களில் நம் தெருவில் ஒரு விளையாட்டு விளையாடினோமே, மறந்துவிட்டீர்களா? சைக்கிள் சக்கரக் கம்பி ஒன்றை நான் எங்கிருந்தோ எடுத்து வந்தேன். உங்களை எல்லாம் வரிசையில் நிறுத்தினேன். பாவாடையை உதறச் சொன்னேன். திரும்பி நிற்கச் சொல்லி உங்கள் தலைமுடிக்குள் கம்பியை விட்டுச் சுற்றினேன். கேட்டுக்காரர் இருமலைக்கூட இருமிக் காட்டினேன். நீங்கள் சிரித்தீர்கள். அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு வந்தாள். குடத்தைக் கீழே வைத்தாள். என் வாழ்நாளில் அவள் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். கன்னத்தில் விழுந்த அறையில் காது அடைத்துவிட்டது. கம்பியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து வளைத்து எங்கள் கூரை மேல் எறிந்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அம்மாவுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நான் உங்களிடம் சொன்னேன். நீங்களும் ஆமாம் என்றீர்கள்.

கார்த்திகையில் எனக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகினார்கள். வீட்டில் தாளிப்பு நின்றது. அப்பா என் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்கொத்தால் உடம்பை வருடிக்கொண்டே இருந்தார். அந்தக் கையை நான் மறக்கவில்லை, பின்னால் அவரைப் பற்றி என்ன சொன்னாலும். அம்மை கண்ட வீட்டுக்காரி வேலைக்குப் போகக் கூடாது. கிட்டங்கியில் தெரிந்தால் உள்ளே விட மாட்டார்கள், அடுத்த சீசனுக்கும் கூப்பிட மாட்டார்கள். அம்மா யாரிடமும் மூச்சு விடாமல் போனாள். சாமிக்குப் பயந்து வேப்பங்கொழுந்து ஒரு கொத்தைக் கொண்டைக்குள் வெளியே தெரியாமல் செருகிக்கொண்டாள்.

ஒருநாள் சாயந்தரம் அவள் பின்மண்டையில் கையை வைத்துக்கொண்டு வந்தாள். பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்றாள். இரண்டு நாள் கழித்து அப்பா போடிக்குப் போய் வந்தார். விளக்கு வைக்கும் நேரம். அம்மா அடுப்பில் இருந்தாள். நான் வேப்பிலைப் படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்தேன். நான் தூங்குவதாக இரண்டு பேரும் நினைத்திருக்க வேண்டும்.

அப்பா நின்றபடியே கேட்டார். "கொண்டைக்குள்ள வச்சிருந்து புடிபட்டயாம்ல. கடத்தெருவே பேசுது. நெசத்தச் சொல்லு, எடுத்தியா?"

அம்மா அகப்பையைக் கஞ்சிக்குள் போட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தாள். "கஞ்சி ஆறுது. உக்காந்து குடிங்க," என்றாள்.

அவ்வளவுதான் பேச்சு. அப்பா குடித்தார். அதற்குப் பிறகு அவர் சாகும் வரை இந்தப் பேச்சை எடுக்கவில்லை. கேள்வி மட்டும் வீட்டில் இருந்தது. அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தால் அவர் கண் ஒரு நொடி அங்கே போகும். பத்து வயதுக் கண்ணுக்கும் அது தெரிந்தது.

அடுத்த வாரம் அம்மாவின் பின்கழுத்து வீங்கிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் புண்ணைச் சுற்றி முடியை வழித்துக் கீறி விட்டார்கள். அப்பா ஊருக்குள் என்ன சொல்வது என்று யோசித்திருக்க வேண்டும். பிள்ளைக்கு அம்மை இறங்கியதற்கு வேண்டுதல் என்று சொல்லி முழுத் தலையையும் மொட்டை போட வைத்தார். இடுப்பு வரை புரண்ட முடி. எனக்காக அம்மா முடி கொடுத்தாள் என்று நான் பள்ளிக்கூடம் முழுக்கத் தம்பட்டம் அடித்தேன். டீச்சர்கூட என் தலையைத் தடவிக் கொடுத்தார். மொட்டைத் தலையோடு அம்மா வேலைக்குத் திரும்பிப் போனபோது கேட்டுக்காரர் அவளைச் சோதிக்கவில்லை. சாமி மொட்டை, போ ஆத்தா என்று கையைக் காட்டி முதலில் அனுப்பிவிட்டார். அந்தக் கிட்டங்கியில் சந்தேகத்துக்கு ஆளாகாத ஒரே தலை அதுதான். வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்களாம். அம்மாவும் சிரித்தாளாம்.

உண்மை எனக்குத் தெரிந்தபோது நானே பேத்தி எடுத்திருந்தேன். அப்பா போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அம்மா என்னோடு இருந்தாள். சீயக்காய் தேய்த்து அவள் தலையைக் கழுவும்போது பின்மண்டைக்குக் கீழே என் விரல் ஒரு இடத்தில் நின்றது. புளியங்கொட்டை அளவு. வழவழவென்று, ஒரு முடிகூட இல்லை. இது என்னம்மா என்று கேட்டேன். நீர் சொட்டச் சொட்ட, குனிந்த தலை குனிந்தபடியே சொன்னாள்.

அன்றைக்குக் குத்தூசி கொண்டைக்குள் போனபோது கேட்டுக்காரர் கண்ணுக்கு உள்ளே பச்சையாக ஏதோ தெரிந்திருக்கிறது. காய் என்று நினைத்துவிட்டார். அதை வெளியே தோண்ட இரும்பை அழுத்தி நெம்பினார். நுனி மண்டையில் இறங்கியது. அம்மா அசையவில்லை. அசைந்தால் கொண்டை அவிழும், வேப்பிலை விழும், அம்மை கண்ட வீடு என்று தெரிந்துவிடும். கடைசியில் வேப்பிலை விழத்தான் செய்தது. இது எதுக்கு என்று அவர் கேட்டார். பேனுக்கு என்று அம்மா சொன்னாளாம். வரிசையில் நின்றவர்கள் முகத்தைச் சுளித்து ஒரு அடி தள்ளி நின்றார்கள். யாருக்கும் ரத்தம் தெரியவில்லை. அவள் முடி அவ்வளவு அடர்த்தி. கொண்டைக்குள் வைத்திருந்தாள், பிடித்துவிட்டார்கள் என்பது மட்டும் வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்குப் போனது. வேப்பிலை அங்கேயே மிதிபட்டுக் கிடந்தது.

அப்பாவிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். கிழவியைப் போட்டுக் கத்துகிறேனே என்றுகூட அப்போது தோன்றவில்லை.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பாரு தாயி," என்றாள். "சொல்லாமயே நம்புறாரான்னு பாத்தேன்."

கொஞ்சம் தண்ணீரை அவளே அள்ளி ஊற்றிக்கொண்டாள். பிறகு என்னைத் துவட்டச் சொன்னாள்.

அவள் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. யாரிடம் போய்ச் சண்டை போடுவது? கேட்டுக்காரர் செத்தார், முதலாளி செத்தார், அப்பாவும் செத்தார். கோபப்படுவதற்கு ஆள் இல்லாமல் நான் மட்டும் இருந்தேன். அப்போதுதான் அந்த மண்டபத்தில், வெல்வெட்டில் படுத்துக்கொண்டு, இந்த இரும்பு என் கண்ணில் பட்டது.

யார் வைத்தது என்று கேட்டேன். முதலாளியின் பேரன் வந்தார். நல்ல பிள்ளை, படித்த பிள்ளை, கும்பிட்டு நாற்காலி போட்டார். தாத்தாவின் கிட்டங்கியை இடித்தபோது கிடைத்தது என்றும், தானே யோசித்து அட்டை எழுதினதாகவும் சொன்னார். பக்கத்து மேஜையில் கண்காட்சிக்காக ஒரு ஏலக்காய் மூட்டையை வாயைக் கட்டி வைத்திருந்தார்கள். அதில் இந்த ஊசியைக் குத்தி மாதிரி எடுத்துக் காட்டுங்கள் தம்பி என்றேன். அவருக்கும் ஆசைதான். செல்போனில் படம் எடுக்கச் சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து, மூட்டையில் குத்தினார். சாக்கு கிழிந்தது, உள்ளே இருந்த பிளாஸ்டிக் தாள் கிழிந்தது, காய் நொறுங்கும் சத்தம் கேட்டது. வெளியே இழுத்தார். குழிவில் இரண்டு விதையும் கொஞ்சம் தோலும் இருந்தன. கூடி நின்ற பழைய வியாபாரிகளில் ஒருவர், அட, ஏலத்துல போய்க் குத்துவாகளா என்று சிரித்துவிட்டார். பேரன் முகம் சிவந்தது.

"அப்ப இது எதுக்கு பெரியம்மா இருந்துச்சு?" என்றார்.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து, அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தலையைக் குனிந்தேன். என் கொண்டை அம்மாவுடையது மாதிரி இல்லை, எலுமிச்சம்பழ அளவுதான்.

"இதுல குத்திப் பாருங்க தம்பி," என்றேன். "உங்க தாத்தா வாசல்ல தெனமும் எங்கம்மா இப்படித்தான் நின்னா."

மகள் என் கையைப் பிடித்தாள், நான் உதறினேன். எனக்குப் பின்னால் இரும்பை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. திரும்பினேன். தான் அப்படியெல்லாம் கேள்விப்பட்டதே இல்லை என்றார் பேரன். இருக்கும். அவர் வீட்டில் அதை யார் சொல்லியிருப்பார்கள்? அட்டையை மாற்றி எழுதச் சொன்னேன். தாத்தா பெயர் இருக்கிறது, நாலு பேரைக் கலந்துகொண்டு செய்யலாம் என்று இழுத்தார். எங்கள் அம்மாவுக்கும் பெயர் இருந்தது, அதைக் கெடுத்தபோது யாரும் யாரையும் கலந்துகொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு, அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவை நானே எடுத்தேன்.

அந்த அட்டை இப்போது அங்கே இருக்கிறதா, கிழித்துப் போட்டுவிட்டார்களா, எனக்குத் தெரியாது. சொல் பிறந்த வரியை விட்டுவிட்டேன், அதில் தப்பில்லை. அடுத்த வரியை அடித்தேன். எழுத்து கோணலாகத்தான் வந்தது. அதன் கீழே இப்படி எழுதினேன்:

"காய் பொறுக்கிய பெண்களின் கொண்டையில் குத்திப் பார்த்தது. உள்ளே இருந்தது வேப்பிலை."